சமாரியன் கொடுத்த அட்வான்ஸ்





இந்த மாதச் செய்திக்கு லூக்கா 10-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். நல்ல சமாரியன் கதையை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள்கூட ஒப்பித்துவிடும். ஆனால் நாம் எண்ணெய், திராட்சரசம், காயம் கட்டினது என்கிற இடத்தோடு நின்றுவிடுகிறோம். அடுத்து என்ன நடந்தது? அடிபட்டவனைச் சத்திரத்தில் சேர்த்தான். மறுநாள் புறப்படும்போது சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்தான். மத்தேயு 20-ஐ வாசித்தால் ஒரு பணம் என்பது ஒரு நாள் கூலி என்று தெரியும். ஆக, இரண்டு நாள் கூலியை முன்னாலேயே எடுத்து வைத்தான். அதற்கு மேலே செலவானால் திரும்பி வரும்போது தானே தீர்ப்பதாகவும் சொன்னான்.

நம்ம பேச்சில் சொன்னால், அட்வான்ஸ் கொடுத்தான், பொறுப்பும் ஏற்றான். இந்த இரண்டும் இல்லாததால்தான் இன்றைக்கும் அநேகர் வெளியே கிடக்கிறார்கள்.

தஞ்சாவூரில் வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கள். வீட்டுக்காரர் முதலில் கேட்பது, "அட்வான்ஸ் எவ்வளவு தருவீங்க?" இரண்டாவது, "உங்களுக்கு யார் பொறுப்பு?" சில வீடுகளில் மூன்றாவது கேள்வியும் உண்டு. "எந்தத் தெரு?" என்பார்கள். அது சாதியைக் கேட்பது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நடவுக்குப் போகிற ஒரு சகோதரி, இரண்டு பிள்ளைகளோடு இரவில் ரயிலடியில் படுத்திருந்தார்கள். "ஐயா, மாசம் 2,500 வாடகைன்னா எப்படியாவது ஒழைச்சுக் கட்டிருவேன். மொத்தமா 15,000 கொண்டான்னா நான் எங்கய்யா போவேன்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு ஜெபம் மட்டும் பதிலாகுமா? யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள்.

நம்ம பக்கத்து வேலை அப்படிப்பட்டது. தையிலும் மாசியிலும் சம்பா அறுப்பு முடிந்தால் வயலில் வேலை குறைந்துவிடும். மேட்டூர் திறக்க வழக்கமான தேதி ஜூன் 12. குறுவைக்குத் தண்ணீர் வரும்வரை கூலிக்காரர் கையில் காசு நிற்காது. அந்த மாதங்களில் வாடகை பாக்கி விழும், வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள். மறுபடி ஒரு வீட்டுக்குள் நுழைய மறுபடி அட்வான்ஸ் வேண்டும்.

பொறுப்பு ஏற்பது என்றால் என்ன என்பதற்கு நம்ம ஊரிலேயே சாட்சி உண்டு. சிவகங்கைப் பூங்கா அருகில் 1779-ல் கட்டப்பட்ட ஆலயத்தைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டிய சுவார்ட்ஸ் ஐயர் காலத்தில் ஹைதர் அலியின் படையெடுப்பு வந்தது. கோட்டைக்குள் ஜனங்கள் பட்டினி. வெளியே நெல் இருந்தும், அரசாங்கம் பணம் கொடுக்கும் என்கிற நம்பிக்கை இல்லாததால், கொண்டுவந்து சேர்க்க மாடு தர ஆளில்லை. சுவார்ட்ஸ் ஐயர், என் கையால் நானே கூலி கொடுப்பேன் என்று ஊர் ஊராக எழுதி அனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன, 80,000 கலம் நெல் சேர்ந்தது. சொன்னபடியே கூலியும் கொடுத்தார். அரசாங்கத்தை நம்பாதவர்கள் ஒரு ஊழியக்காரனின் வாயின் வார்த்தையை நம்பினார்கள்!

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நாம் கிறிஸ்து பிறப்பைப் பாடுகிற அதே டிசம்பர் 25 இரவில், 1968-ல், அன்றைய தஞ்சை மாவட்டம் கீழ்வெண்மணியில் கூலித் தகராறில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். குடியிருந்த மனைகூட அந்நாளில் கூலிக்காரருக்குச் சொந்தமில்லை. மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் 1971-ல்தான் வந்தது. அந்தப் படுகொலைக்குப் பின் இந்தப் பக்கம் வந்து உழைத்தவர்கள் சர்வோதயத் தம்பதியர் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். 1981-ல் லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நிலக்காரர், வங்கி, நிலமற்றவர் மூவரையும் உட்காரவைத்துப் பேசி, கடனுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். உழைத்தவர்கள் தவணையாக அடைத்தார்கள். அப்படி நிலம் பெற்ற குடும்பங்கள் பத்தாயிரத்துக்கும் மேல். பிற்பாடு குடிசைகளுக்குப் பதில் வீடு கட்டும் வேலையையும் எடுத்தார்கள். பிரியமானவர்களே, ஏழை திருப்பிக் கட்டமாட்டான் என்று சொல்கிறவர்களுக்கு இது போதாதா?

சரி, நம்ம சபை என்ன செய்யலாம்? ஒரு வீட்டு முன்பண நிதி வைப்போம். நான் மூப்பர்கள் முன் வைத்திருக்கிற ஒழுங்கு இதுதான்.

ஒன்று, பணத்தைக் குடும்பத்தின் கையில் அல்ல, வீட்டுக்காரரிடமே சபை கொடுத்து ரசீது வாங்க வேண்டும். வீட்டைக் காலி செய்யும்போது அது நிதிக்குத் திரும்பட்டும். 2019 முதல் தமிழ்நாட்டில் அமலில் இருக்கிற வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. இதை வீட்டுக்காரரிடம் பணிவாய் எடுத்துச் சொல்ல, விவரம் தெரிந்த இரண்டு சகோதரர்கள் கூடப் போகட்டும்.

இரண்டு, வட்டி கூடாது. யாத்திராகமம் 22-ல் கர்த்தர் அதைத் தெளிவாய்த் தடுத்திருக்கிறார். முடிந்தவர்கள் மாதம் 100, 200 போட்டால் அது அடுத்த குடும்பத்துக்கு உதவும். வேலையில்லாத மாதங்களில் யாரும் போய்க் கேட்க வேண்டாம்.

மூன்று, வாங்கினவர் பெயரை மேடையில் வாசிக்கக் கூடாது. சாட்சி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் கூடாது.

"பாஸ்டர், அவங்க இரட்சிக்கப்பட்டவங்களா? நம்ம சபைக்கு வருவாங்களா?" என்று ஒரு சகோதரர் கேட்டார். நியாயமான சந்தேகம்தான். ஆனால் சமாரியன் அடிபட்டவனிடம் எந்த ஆலயத்துக்குப் போகிறாய் என்று விசாரிக்கவில்லை. பகையாளி ஜாதி என்று விலகவும் இல்லை. வீடு கொடுத்து ஆத்துமாவை விலைபேசுவது சுவிசேஷம் அல்ல.

பணம் எங்கிருந்து வரும்? எழுப்புதல் கூட்டத்துக்குப் பந்தலும் மைக்செட்டும் போட இரண்டே வாரத்தில் காணிக்கை சேர்ந்தது. ஸ்தோத்திரம்! அதைக் குறை சொல்லவில்லை. அதே கைகள் இதற்கும் திறக்கட்டும். நம் தாய்மார் உலை வைக்கும்போதெல்லாம் எடுத்து வைக்கிற பிடியரிசி இருக்கிறதே, அதை ஞாயிறுதோறும் ஏலம் விட்ட பணத்தை இந்த நிதிக்கு என்று பிரித்துவைப்போம். நெல் விளைகிற பூமியில் ஒரு பிடி அரிசி ஒரு குடும்பத்துக்குக் கதவைத் திறக்கட்டும்.

பணம் பாதிதான். மீதிப் பாதி நம்முடைய வார்த்தை. பிலேமோனுக்கு எழுதின நிருபத்தில் பவுல், ஒநேசிமு ஏதாவது கடன்பட்டிருந்தால் தன் கணக்கில் வைக்கச் சொல்கிறார். வீட்டுக்காரர் "யார் பொறுப்பு?" என்று கேட்கும்போது, "எங்க சபை பொறுப்பு" என்று சொல்ல நீங்கள் ஆயத்தமா? அப்படிச் சொல்ல வேண்டுமானால் நம் வார்த்தை ஊருக்குள் செல்லுபடியாக வேண்டும். கடைக்காரரிடம் பாக்கி வைத்திருக்கிற விசுவாசி முதலில் அதைத் தீர்க்கட்டும். அதுவும் எழுப்புதல்தான்.

வருகிற உபவாச ஜெபத்தில் இதற்காகக் கருத்தாய் ஜெபிப்போம். சங்கீதம் 68-ஐ வீட்டில் குடும்பமாக வாசியுங்கள். தனிமையானவர்களை வீட்டில் குடியேற்றுகிற தேவன் நம்மையும் அந்த வேலையில் பயன்படுத்துவாராக. ஆமென்.