நொடியில் வரும் ஞானம்

ஞானம் ஒரு நொடியில் வாய்க்குமா, படிப்படியாகத்தான் வருமா என்பது பழைய வழக்கு. 732இல் சீனத்துத் துறவி ஷென்ஹுயி, படிப்படியான பயிற்சியைப் போதித்தவர்களைப் பலரறியச் சாடினார். அடுத்த நூற்றாண்டில், அவர் வழியில் வந்தவராகத் தம்மைக் கருதிய சோங்மி, விழிப்பு நொடியில் நிகழும், பழக்கங்கள் கரையத்தான் நாளாகும் என்றார். நல்ல தீர்ப்புதான், ஆனால் அதன் அழுத்தம் நொடிக்குப் பிந்தியதன் மேல். முந்தியதைச் சைவ சித்தாந்தம் துணிந்து தொடுகிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் சூத்திரங்கள் 12. குரு வந்து உயிருக்கு அதன் நிலையை உணர்த்துவது எட்டாவதில். அங்கும் தவம் முன்னே நிற்கிறது. உணர்த்திய பின்னும் நான்கு சூத்திரங்கள் மீதி. உயிரை மறைக்கும் அழுக்கான மலத்தைக் கழுவுவதும் அடியாரோடு கூடுவதும் கடைசிச் சூத்திரத்தில்தான். ஞானம் வந்த இடத்தில் நூல் முடியவில்லை. காண்பது சட்டென்று நிகழலாம், காண்பதற்கான தகுதியும் கண்டபடி வாழ்வதும் அப்படி வருவதில்லை என்பதற்கு இந்த வரிசையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு எதிராக ரமணரைக் காட்டலாம். 1896 ஜூலையில், மதுரையில், பின்னாளில் ரமணரான 16 வயது வேங்கடராமனை மரண பயம் பிடித்தது. பிணம்போலப் படுத்துச் சாவை விசாரித்தான். பயம் அன்றோடு போயிற்று. குருவும் இல்லை, தவமும் இல்லை. முற்பிறப்பில் செய்திருப்பார் என்பது சோதிக்க முடியாத பதில்; ஆகவே எனக்கு உதவாது. தெரிந்த வரையில், அதற்குமுன் அருணாசலம் என்ற பெயர் அவரை உலுக்கியிருந்தது, பெரியபுராணத்தில் மனம் தோய்ந்திருந்தது. பெரியபுராணம் படித்த எத்தனையோ பேருக்கு ஏன் வாய்க்கவில்லை, நடந்தபின் திரும்பிப் பார்த்து இதை முன்தயாரிப்பு என்கிறோமா என்று கேட்டால், கேள்வி நியாயமானதே. ஆனால் சித்தாந்தம் தயாரிப்பை ஞானத்துக்கு விலையாக வைக்கவில்லை. மலம் பக்குவப்படுவதே இறைவனின் மறைப்பாற்றலான திரோதான சத்தியால். படித்த ஏட்டின் கணக்கால் அல்ல. பக்குவம் இல்லாமல் அருள் பதியாது என்பதால், முயன்றவருக்கெல்லாம் பதியும் என்றாகிவிடாது. வார இறுதி முகாமில் விழிப்புக்குக் கட்டணம் வாங்குவோருக்கு இது சங்கடமான கொள்கைதான். தமக்குச் சில நிமிடங்களில் வாய்த்த ரமணரே, திருவண்ணாமலைக்கு வந்து வழி கேட்டவர்களிடம், எண்ணங்கள் எழுந்துகொண்டிருக்கும்வரை ‘நான் யார்’ என்ற விசாரத்தை விடாமல் தொடரும்படிதான் சொன்னார்.