இன்று எவ்வளவு நடந்தார்?

முதியோர் இல்லத்துக்குப் போன் போடும் பிள்ளைகள் கேட்பது ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் ஒன்றுதான். சாப்பிட்டாரா? மருந்து கொடுத்தாச்சா? ராத்திரி தூங்கினாரா? விழுந்து கிழுந்து வைக்கவில்லையே? பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஓர் இல்லத்தில் இருக்கும் என் அத்தை விஷயத்தில் இந்த நான்குக்கும் நல்ல பதிலே வந்துகொண்டிருந்தது. தீபாவளி முடிந்து கைத்தடியோடு தானாக நடந்து உள்ளே போனவருக்கு, சித்திரை பிறப்பதற்குள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. இடையில் அவர் ஒருமுறைகூட விழவில்லை. காய்ச்சல் என்று படுக்கவும் இல்லை. உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

விழுவது எல்லார் கண்ணிலும் படும். ஒருவர் விழுந்தால் இல்லத்திலிருந்து போன் வரும், ஆம்புலன்ஸ் வரும், சிங்கப்பூரில் இருக்கும் மகன் டிக்கெட் போடுவார், யார் கவனிக்காமல் விட்டது என்று விசாரணை நடக்கும். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை ஒருவர் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தால் யாருக்கும் போன் வராது. அங்கே வேலை பார்க்கும் இந்தோனேசியப் பெண், அத்தை லேசாக அசைந்தாலே ஓடிவந்து, "டுடுக், நேனெக், டுடுக்" என்று தோளைப் பிடித்து உட்கார வைப்பார். உட்காருங்கள் பாட்டி என்று அவர் சொல்வதில் நிஜமான பாசம் இருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல முதியவர்களை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்பவர், வீட்டார் எதைக் கேட்கிறார்களோ அதைத்தான் காப்பாற்றிக் கொடுப்பார். விழக்கூடாது என்று கேட்டோம், விழாமல் பார்த்துக்கொண்டார்.

உட்கார வைப்பதும் படுக்க வைப்பதும் கெடுதல் இல்லாத காரியம் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. மருத்துவ உலகம் அதைக் கேள்வி கேட்டு வெகுகாலம் ஆகிறது. 1947-லேயே ரிச்சர்ட் ஆஷர் என்ற மருத்துவர் படுக்கையின் ஆபத்துகளைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிவிட்டார். 2007-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் நொடியில்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களில் மட்டும் சுமார் 1 கிலோ தசை கரைந்துவிட்டது. போனது போனதுதான் என்று விட்டுவிடவும் வேண்டியதில்லை. 1994-ல் மரியா ஃபியாடரோன் குழுவினர் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்த 100 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களின் சராசரி வயது 87. கால்களுக்கு எடைப் பயிற்சி செய்தவர்களின் தசை வலிமை 10 வாரத்தில் இரண்டு மடங்குக்கும் மேலானது. நடையிலும் வேகம் கூடியது. எண்பத்தேழு வயதில் கூடியது என்பதை நான் அத்தையின் மகனுக்கு, என் மச்சானுக்கு, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அத்தை தென் செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, ஒரு காலைப்பொழுதில் 400, 500 மரங்களைச் சுற்றி வந்து, பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் தூக்கிய உடம்பு. பிறகு பாயான் லெப்பாஸுக்கு வந்தார். 1972-ல் இங்கே சுதந்திர வர்த்தக வட்டாரம் அமைந்தபோது, வயலும் தென்னையுமாக இருந்த இடத்தில் மின்னணு ஆலைகள் எழுந்தன. தோட்டத்துப் பெண்களும் கம்பத்துப் பெண்களும் பஸ் பஸ்ஸாக ஷிப்டுக்கு வந்து இறங்கினார்கள். அவர்களுக்குச் சோறு போட்ட ஒரு கேண்டீனில் அத்தை வருஷக்கணக்கில் நின்றுகொண்டே வேலை பார்த்தார். அன்றைக்கு இருபது வயதில் வந்த பெண்களுக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. இந்த ஊர் கணினிச் சில்லுகளால் பெயர் வாங்கியது. அந்தச் சில்லுகளைச் செய்த கைகளும் கால்களும் இப்போது மூப்படைந்து நிற்கின்றன.

இப்படி உழைத்தவருக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுவது நியாயம். "நீங்க உட்காருங்க அத்தை, நான் எடுத்துத் தர்றேன்" என்பது நம் வீடுகளில் மரியாதை. பெரியவர் தட்டைத் தானே கழுவினால் மருமகளுக்குத் தலைகுனிவு. இந்த மரியாதைதான் அவரிடமிருந்து ஒவ்வொரு வேலையாகப் பிடுங்கிக்கொள்கிறது. அடுப்படிக்குப் போவது நிற்கும், பிறகு வாசலுக்குப் போவது நிற்கும், கடைசியில் கால் நிற்கும். முதியோர் இல்லம் வீட்டில் தொடங்கியதைத் தொடர்கிறது. அங்கே கொஞ்சம் வேகம் கூடுகிறது, அவ்வளவே.

அத்தைக்காக நாங்கள் வரவழைத்த பிசியோதெரபிஸ்ட் முதலில் சொல்லிக்கொடுத்தது நடக்க அல்ல, எழுந்திருக்க. பார்க்கச் சின்ன விஷயம். நாற்காலியின் முனைக்கு நகர்ந்து வர வேண்டும். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கையையும் நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றி, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய வேண்டும். அந்த இடத்தில் இடுப்பு தானாக மேலே வருகிறது. நாம் வழக்கமாகச் செய்வதுபோல அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் அவர் பயந்து பின்னால் சாய்வார், தோளும் போய்விடும். வாக்கரைப் பிடித்து இழுத்து எழுந்தால் வாக்கர் அவர் மேலேயே கவிழும். எழுந்ததும் உடனே அடி எடுத்து வைக்காமல் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்; ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தலை சுற்றுவது அந்த நேரத்தில்தான். தாழ்ந்த சோபாவை மாற்றிக் கைப்பிடி வைத்த உயரமான நாற்காலி போட்டோம். ரப்பர் சிலிப்பர் போய், குதிகாலில் பட்டி வைத்த செருப்பு வந்தது. வாக்கர் கால்களில் இருந்த ரப்பர் பூண் தேய்ந்து மொழுக்கென்று ஆகியிருந்தது. அதைக் கழற்றிப் புதிதாகப் போட்டோம். தசைக்குப் புரதம் வேண்டும் என்று தினமும் ஒரு முட்டை கேட்டு வாங்கினோம்.

அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. அத்தையிடம் பயிற்சி என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஹாலில் போய்த் திரும்பி வரச் சொன்னபோது, "எங்கய்யா போறோம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. வாழ்நாளில் அவர் காரணமில்லாமல் நடந்ததே கிடையாது. மரத்துக்கு நடந்தார், பசாருக்கு நடந்தார், தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறினார். ஆகவே கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த முருகன் படத்தை, இல்லத்து உரிமையாளரான சீன அம்மாவிடம் கேட்டு, ஹாலின் மறுகோடிச் சுவரில் மாட்டினோம். விபூதிச் சம்புடம் அங்கேதான். காலையில் பல் துலக்கியதும் அத்தைக்கு விபூதி வேண்டும். யாரும் கொண்டுவந்து தரக்கூடாது என்று சொல்லி வைத்தோம். முதலில் பாதி வழியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து போனார். இப்போது அந்த நாற்காலி தேவைப்படுவதில்லை. துவைத்த துணியை மடிக்கும் வேலையையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார், நின்றுகொண்டு மடிக்கிறார். எங்கள் போன் விசாரிப்பிலும் ஒரு கேள்வி கூடியது: இன்று எவ்வளவு நடந்தார்? அந்த இந்தோனேசியப் பெண் இதற்காகவே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். அவர் அதை எழுதும் அக்கறையைப் பார்த்த பிறகு, இல்லங்களைப் பற்றிப் பொதுவாகக் குறை பேசுபவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

மச்சானுக்கு இன்னும் பயம் போகவில்லை. இடுப்பெலும்பு உடைந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறார். லேசான கேள்வி இல்லை அது. அந்த வயதில் இடுப்பு உடைந்து, பழையபடி நடக்காமலே போனவர்களை நானும் அறிவேன். நடக்கிறவர் விழலாம். ஆனால் உட்கார்ந்தே வலுவிழந்தவர் ஒருநாள் கழிப்பறைக்குத் தானாக எழ முயன்றால் அவரும் விழுவார், இன்னும் மோசமாக விழுவார். விழாமலிருக்க நாற்காலியோடு துணியால் கட்டிவைக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. அமெரிக்கா 1987-ல் சட்டம் போட்டு அதைக் கட்டுப்படுத்தியது. கட்டுகளை அவிழ்த்த இல்லங்களில் கடுமையான காயங்கள் கூடிவிடவில்லை என்று பிறகு பார்த்தார்கள். இதையெல்லாம் சொன்ன பிறகும், "உனக்கென்ன, நாளைக்கு ஏதாச்சும் ஆனா பதில் சொல்றது நான்தானே" என்கிறார். அதனால் மூன்று தரப்பும் உட்கார்ந்து பேசி, அத்தையின் விருப்பத்தையும் கேட்டு, அவர் நடக்கலாம், நடந்து விழுந்தால் இல்லத்தின் மேல் பழி போடமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தோம். மச்சானும் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பேச்சின்போது அத்தை கேட்டது ஒன்றே ஒன்று. காலால் போக முடிகிறவரை தனக்குப் பம்பர்ஸ் கட்டக்கூடாது. பகலில் சரி, இரவில் ஒரே ஆள்தான் இருப்பார், எப்படி எழுப்பி அழைத்துப்போவது என்றார் உரிமையாளர். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. கடைசியில் கட்டிலுக்கு அருகில் ஒரு கமோட் நாற்காலி, கைக்கு எட்டும் மணி, இரவெல்லாம் எரியும் சிறு விளக்கு என்று முடிவானது. நாற்காலியை நாங்கள் வாங்கிக் கொடுத்தோம். கட்டிலின் எந்தப் பக்கம் அதைப் போடுவது என்பதை அத்தையே சொன்னார்: வலது பக்கம், அந்தக் கால்தான் இன்னும் உறுதியாக இருக்கிறதாம்.