தொடாமற் செய்த தீங்கு

ஓர் உயிரைக் கொல்லாமையும் அதன் ஊனை உண்ணாமையும் அறம் என்பதை நம் வித்தியாசாலைகளிற் பயிலும் சிறு குழந்தையும் அறியும். அவ்வுயிரைப் பார்த்தலில் ஏதேனும் அறம் உண்டோ என்னும் வினாவை எவரும் எழுப்பக் கண்டிலோம். பார்வை கையன்று; அது எதனையும் பறிப்பதன்று; ஆகலின் அது குற்றத்துக்குப் புறம்பானதென்று நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். ஐம்பது வயது கடந்த பின்னர், ஏழாம் வகுப்பிற் படிக்கும் ஒரு பெண்பிள்ளை கேட்ட வினாவொன்று அவ்வெண்ணத்தைக் கலைத்துவிட்டது. உபாத்தியாய நண்பர்களும் தம் மாணாக்கரை வெளியே அழைத்துச் சென்று இயற்கைப் பொருள்களைக் காட்டும் வழக்கமுடையராதலின், அதனை இங்கு எழுதத் துணிந்தோம்.

2022ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிபொருள் அருகியபோது, திண்ணை மூலையிற் சார்த்திக் கிடந்த துவிச்சக்கரவண்டியைத் துடைத்தெடுத்தோம். குடாநாட்டார்க்கு இது புதிதன்று. 1990இன் பின் எரிபொருட்டடை நிலவிய ஆண்டுகளில் மணமகனும் வைத்தியரும் நோயாளியும் இவ்வண்டியிலேயே சென்றனர். அத்தடை நீங்கியபின் வண்டியை மறந்தோம். இத்தட்டுப்பாடு நீங்கியபின் மறக்கவில்லை. அதற்குக் காரணம் கல்லுண்டாய் வெளி.

யாழ்ப்பாணத்திலிருந்து அராலிப் பாலத்தை நோக்கிச் செல்லும் அவ்வீதியின் ஒருபாற் கடனீரேரியும் மற்றொருபால் தரவையும் வயலும் கிடக்கின்றன. மோட்டார் வண்டியில் அவ்வழியே எத்தனையோ முறை சென்றிருக்கின்றோம். வெளி என்பதற்கு மேல் ஒன்றும் கண்டிலோம். வண்டியை மிதித்துச் சென்ற முதற் கிழமையிலேயே அது குடிகள் நிறைந்த ஊர் என்பது தெரிந்தது. மின்கம்பியிலே மீன்கொத்தி, மாட்டின் காலடியிலே கொக்கு, பனையின் மொட்டை முடியிலே பனங்காடை. இப்பறவை இருக்கும்போது மண்ணிறமாய், எவரும் மதியாத கோலத்ததாய் இருக்கும். சிறகு விரித்தபோதன்றோ தான் மறைத்து வைத்திருந்த நீலத்தை எல்லாம் காட்டும்! மாரியில் தரவையில் நீர் தேங்கியபின் வடதுருவத்தையடுத்த சைபீரிய நிலங்களிலிருந்து வந்திறங்கும் சின்னஞ்சிறு உள்ளான்கள் சேற்றைக் கிளறித் திரியும். ஊருக்குள்ளே நடந்து செல்லும் நாட்களிலோ, கிளுவைக் கதியால் வேலியினூடே செண்பகம் நடப்பதையும், ஒழுங்கையைக் குறுக்கறுத்துக் கீரி ஓடுவதையும், புழுதியில் உடும்பின் வால் இழுத்த கோட்டையும் காண்போம். (வேலிகள் மதில்களாகும் ஒழுங்கைகளிற் செண்பகம் அரிதாகி வருகின்றது. மதில் கட்டுவோர் இதனையும் ஒருமுறை எண்ணிப்பார்ப்பாராக.)

வண்டியிற் செல்வார் அனைவரும் சிலநாளில் அறியும் உண்மை ஒன்றுண்டு. வீதியோரத்தில் நிற்கும் கொக்கு, பத்து முழத் தூரத்தில் நாம் வண்டியிற் கடந்து செல்லினும் பறவாது. அதே இடத்தில் வண்டியை நிறுத்திக் காலை நிலத்தில் ஊன்றிய கணத்திலே எழுந்து பறந்துவிடும். அசைவு அதனை அச்சுறுத்தவில்லை, நிற்றலே அச்சுறுத்துகின்றது. செல்பவன் தன் வழியே செல்கிறான். நின்றவனோ தன்னிடம் எதனையோ வேண்டி நிற்கிறான். இவ்வேறுபாட்டைக் கொக்கு அறிந்திருக்கிறது. எமக்கு அதன் பொருள் அன்று விளங்கவில்லை. கொக்கு பறந்துவிட்டதே என்று வருந்தினோமேயன்றி, ஏன் பறந்தது என்று வினாவினோமல்லோம்.

2023ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஒருநாட் காலை, தரவையின் ஓரத்தில் ஆட்காட்டிக் குருவியொன்று நிலத்தினின்று எழுந்து தலைக்கு மேலே கூவிச் சுற்றியது. கண்ணருகே சிவந்த தசைமடலும், கறுத்த கழுத்தும், மஞ்சட் கால்களும் உடைய இப்பறவையை அறியாத யாழ்ப்பாணத்தார் இலர். வண்டியை நிறுத்தித் தேடினோம். சிறு கற்களுக்கு நடுவே, குழியென்றுஞ் சொல்லமுடியாத ஒரு பள்ளத்தில், கூர்நுனிகள் நடுவே கூடும்படி நான்கு முட்டைகள் வைக்கப்பட்டிருந்தன. மண்ணின் நிறமும் மண்ணின் புள்ளிகளும் அவற்றில் இருந்தன. ஓரடி தள்ளிப் பார்த்தால் முட்டை இல்லை, கல்லே உண்டு. கண்டோம் என்னும் களிப்பால் அன்றைக்கு எமது பாடம் எதுவும் ஒழுங்காக நடைபெறவில்லை.

அக்களிப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சிறிது சொல்லவேண்டும். நாம் சிறுபிராயத்திற் பயின்றது ஒரு மிஷன் பாடசாலையில். அங்கே எமக்குப் பிராணிநூல் கற்பித்தவர் நல்லவர், கண்டிப்பானவர். அவருடைய அறையிலே ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. பஞ்சின்மேல் வரிசையாக முட்டைகள். ஒவ்வொன்றின் கீழும் இலத்தீன் பெயர். முட்டையின் பக்கத்தில் ஊசியாற் றுளையிட்டு உள்ளிருப்பதை ஊதி வெளியேற்றும் வித்தையை அவரிடமே கற்றோம். அவரைக் குறை கூறுதல் நன்றி கோறலாகும். ஓர் இறகில் எத்தனை நிறம் என்று நின்று எண்ணும் கண்ணை எமக்குத் தந்தவர் அவரே. ஆயின் அக்கண்ணோடு வேறொன்றையும் தந்தார்: கண்டது எமதாதல் வேண்டும் என்னும் வேட்கை. பின்னர் நாம் சைவ வித்தியாசாலையில் ஆசிரியராயினோம். முட்டை எடுத்தல் பாவமென்று கற்பித்தோம். பெட்டி போயிற்று, அதன் இடத்திற் குறிப்புப் புத்தகம் வந்தது. கண்ட பறவையின் பெயரை நாளும் இடமும் இட்டு எழுதுவோம். அப்பட்டியல் நூறை எட்டவேண்டும் என்பது எமது ஆசை. அதனைத் தீங்கற்ற ஆசை என்றே கருதினோம்.

மறுநாள் ஏழாம் வகுப்பு மாணாக்கர் பன்னிருவரை அவ்விடத்துக்கு அழைத்துச் சென்றோம். கையை முதுகின் பின்னே கட்டிக்கொண்டு நிற்கவேண்டும் என்று கட்டளையிட்டோம். பிள்ளைகளும் அவ்வாறே நின்றனர். முட்டையின் நிறம் ஏன் மண்ணின் நிறமாயிருக்கிறது, கூர்நுனி ஏன் உள்நோக்கியிருக்கிறது என்பனவற்றை விளக்கினோம். உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்த தொல்காப்பிய மரபியலையும் எடுத்துக் கூறினோம். கடல் கொண்ட தன் முட்டைகளை மீட்ட பறவையின் கதை பஞ்சதந்திரத்தில் உண்டன்றோ? அதனையுஞ் சொன்னோம். தலைக்கு மேலே தாயும் தந்தையும் ஓயாது அலறிக்கொண்டிருந்தன. அவ்வலறலையும் பாடத்தின் ஒரு பகுதியாக்கி, ‘பிள்ளைப்பாசத்தைப் பாருங்கள்’ என்றோம். அரைமணி நேரம் நின்றிருப்போம். வெயில் ஏறிவிட்டது. அயலிலிருந்த பனையில் இரண்டு காகங்கள் இருந்தன, அவற்றையும் பார்த்தோம், பெயர் எழுதற்குரிய பறவை அல்லவாகலின் பொருட்படுத்தவில்லை.

மூன்றாம் நாட் காலையில் பள்ளத்தில் ஓர் ஓட்டுத்துண்டு மாத்திரம் கிடந்தது. வகுப்பில் அதனைக் கூறினோம். அப்போதுதான் அப்பெண்பிள்ளை எழுந்து, “ஐயா, நாங்கள் ஒருவரும் தொடவில்லையே?” என்றாள். “இல்லை, பிள்ளை. காகம் கொண்டுபோயிற்று. அது இயற்கை” என்று விடை கூறி, அடுத்த பாடத்துக்குச் சென்றோம்.

அவ்விடை பொய்யன்று, மெய்யுமன்று. இப்போது அதனை ஆராய்வோம்.

வைகாசி வெயிலில் ஆட்காட்டி முட்டைமேல் இருப்பது எப்பொழுதும் சூடூட்டுதற்கன்று. நண்பகலில் அது நிழல் செய்தற்பொருட்டே இருக்கின்றது. நீர்நிலைக்குச் சென்று வயிற்றிறகை நனைத்து வந்து, அந்த ஈரத்தால் முட்டைகளைக் குளிர்விப்பதும் உண்டு. வெட்டவெளியிற் கிடக்கும் முட்டைக்குத் தாயின் உடலன்றி வேறு கூரை இல்லை. அரைமணி நேரம் அக்கூரையைப் பிரித்து வைத்தவர் நாம். இனி, காகமோ மனிதரைக் கூர்ந்து நோக்கி வாழும் பறவை; மனிதன் குனிந்த இடத்தில் ஏதோ உண்டு என்பது அதற்குத் தெரியும். மண்ணோடு மண்ணாய் மறைந்திருந்த நான்கு முட்டைகளை, பதின்மூவர் வட்டமாய் நின்று அதற்குக் காட்டினோம். காண்பானுக்குக் காட்டும் துணையொன்று வேண்டும் என்பது சித்தாந்தம். அதனை வகுப்பிற் பலமுறை விளக்கியிருக்கின்றோம். காகத்துக்குக் காட்டும் துணையாய் நாமே நின்றோம் என்பதை மாத்திரம் அன்று விளக்காது விட்டோம்.

அற்றேல், காகத்துக்கும் இரை வேண்டாமோ எனின், வேண்டும். அது தானே தேடிக் கண்டிருந்தால் அதனோடு எமக்கு வழக்கில்லை. ஆட்காட்டிக்கும் காகத்துக்கும் இடையே நெடுங்காலமாய் நடந்துவரும் போரில், ஒருபக்கம் மறைக்கும் வித்தையையும் மறுபக்கம் தேடும் வித்தையையும் கற்றிருக்கின்றன. அப்போரில் அழையாது புகுந்து ஒரு பக்கத்தாரின் மறைவிடத்தைக் காட்டிக்கொடுத்தவனே நாம் வினாவுவதற்கு உரியவன். கைகளைப் பின்னே கட்டியிருந்தமை அவனைக் காப்பாற்றாது.

கைக்கு நாட்டிற் சட்டம் உண்டு. தாவரங்களையும் விலங்குகளையும் காத்தற்கு 1937ஆம் ஆண்டிலேயே கட்டளைச்சட்டம் பிறந்தது. 1938இற் சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமாயிற்று. 2015இல் அது தேசிய பூங்காவாகவும் உயர்த்தப்பட்டது. பறிக்கும் கையைத் தடுக்கச் சட்டத்தால் இயலும். பார்க்கும் கண்ணின் பேராசையை அது எவ்வாறு அளக்கும்? கடனீரேரியிற் பூநாரைகள் மேயும் காலத்தில், அவை ஒருங்கே எழுந்து பறக்கும் சிவப்பைப் படம்பிடித்தற்காகக் கைதட்டி எழுப்புவோரை நாமே கண்டிருக்கின்றோம். நிறை 30 கிராமளவேயான கொசு உள்ளான், பங்குனி சித்திரையில் வடதுருவத்துக்குத் திரும்பும் முன் உடலிற் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். எழுப்பப்படுந்தோறும் அச்சேமிப்பிற் சிறிது செலவாகின்றது. எழுப்பியவர் ஒன்றையும் தொட்டாரல்லர். அவரும் எம்மைப்போல, தாம் உயிர்களிடத்து அன்புடையவர் என்றே சொல்வர்; அது பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். அன்புடையாரே இதனைச் செய்கின்றார் என்பதுதான் இடர்.

அங்ஙனமாயின் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லாது படத்திற் காட்டி விடுதல் நன்றன்றோ என்று ஒரு நண்பர் கேட்டார். அதற்கும் இசையமாட்டோம். காணாதவன் தீங்கு செய்யாதவன் அல்லன். மோட்டார் வண்டியிற் சென்ற ஆண்டுகளில் நாம் ஒரு முட்டையையும் கண்டதில்லை. எத்தனை குஞ்சுகளின்மேல் உருள் ஏற்றினோம் என்பதையும் கண்டதில்லை. பேராசையோடு நின்று பார்ப்பவனாலும் கேடு; பாராமலே கடப்பவனாலும் கேடு. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு பார்வை உண்டோ என்பதே வினா.

உண்டு என்பதை அராலியில் ஒரு கமக்காரரிடம் கண்டோம். சித்திரை மழைக்குப் பின் அவருடைய வயலில் உழவு இயந்திரம் ஓடியது. உழுது முடிந்த வயலின் நடுவே பாய் விரித்த அளவு நிலம் உழாமற் கிடந்தது. காரணம் வினாவியபோது, “அதில் ஆட்காட்டி கிடக்குது, ஐயா. கலப்பையைத் தூக்கச் சொன்னேன்” என்றார். எத்தனை முட்டை என்று கேட்டோம். “நான் கிட்டப் போகேல்லை” என்றார். எமது குறிப்புப் புத்தகத்தில் உள்ள இலத்தீன் பெயர் அவருக்குத் தெரியாது. முட்டையின் தொகையும் தெரியாது. அங்கே ஓர் உயிருக்கு அலுவல் இருக்கின்றது என்பது தெரியும். அந்த அலுவலுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதும் தெரியும். நாம் அறிந்தவற்றுள் எதுவும் அந்தப் பாயளவு நிலத்தை உண்டாக்கியதில்லை. அவரை அறியாதவர் என்றும் எம்மை அறிந்தவர் என்றும் எவ்வாறு சொல்வது?

ஆட்காட்டி என்னும் பெயரையே பாருங்கள். ஏனைப் பறவைகளை நிறத்தாலும் குரலாலும் செயலாலும் அழைத்த நம் முன்னோர், இப்பறவையை மாத்திரம் நம்மை வைத்து அழைத்தனர். ஆள் வருகிறான் என்று வெளிக்கெல்லாம் அறிவிப்பது அதன் தொழில். நாம் அதனைக் கண்டுபிடித்தோம் என்று மகிழ்ந்த அந்தக் காலையில், அது நெடுந்தூரத்திலேயே எம்மைக் கண்டு, இன்னார் வருகின்றார் என்று சுற்றத்தார்க்கெல்லாம் கூறிக்கொண்டிருந்தது. எமது குறிப்புப் புத்தகத்தில் அதன் பெயர் ஏறுமுன்னரே அதன் ஏட்டில் எமது பெயர் ஏறிவிட்டது.

அடுத்த கிழமை அவ்வகுப்புக்குச் சென்று, முன்னர்க் கூறிய விடை போதாதென்றும், காகத்துக்கு இடங்காட்டியவர் நாமே என்றும், பிள்ளைகள் எமது கட்டளைப்படி நின்றமையாற் பிழை எம்முடையதே என்றும் சொன்னோம். உபாத்தியாயர் மாணாக்கர்முன் இவ்வாறு சொல்லுதல் மதிப்பைக் குறைக்கும் என்பாருமுளர். எமக்கு அந்த அச்சம் இருந்ததை மறைக்கவில்லை. வகுப்பு அமைதியாயிருந்தது. அந்தப் பெண்பிள்ளை மாத்திரம், “அது எனக்கு அன்றைக்கே தெரியும், ஐயா. குருவி கத்தினதுதானே” என்றாள்.

இப்பொழுதும் பிள்ளைகளை அவ்வீதிக்கு அழைத்துச் செல்கின்றோம். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். தரவையின் ஓரத்தில் எவரும் நிறுத்துவதில்லை. பறவை எழுந்து கூவினால் வீதியின் மறுகரைக்கு ஒதுங்கி மிதிப்பார்கள். கூவல் அடங்கும் இடம் வந்தபின்னரே பேசுவார்கள். சென்ற கோடையில் மீண்டும் அங்கே ஓர் ஆட்காட்டி கிடந்தது. எத்தனை முட்டை என்று எமக்குத் தெரியாது. கடந்து செல்லுகையிற் கடைக்கண்ணால் அத்திசையைப் பார்த்தோம்.