துலாக்கோல் இரண்டாகலாமா?

கல்விக்கூடம் வினாக்கள் பிறக்கும் இடம். ஆங்கே ஒரு கொள்கை வினாவுக்கு அப்பாற்பட்டதாய் அமர்ந்துவிடின், அது எத்துணை உயர்ந்ததாயினும் அறிவுக்கு இழப்பே நேரும். ஐதராபாத்தில் வாழும் தமிழராகிய நாம், இம்மண்ணின் இடதுசாரி அறிவுலகம் கண்ட ஒரு விவாதத்தை எண்ணிப் பார்த்தல் நலம்.

ஏழைக்குப் பரிந்தெழுந்த அவ்வியக்கம் இழப்பின்றி வளர்ந்ததன்று. உஸ்மானியாப் பல்கலைக்கழக மாணவர் ஜார்ஜ் ரெட்டி 1972 ஏப்ரல் 14 அன்று வளாகத்திலேயே கொல்லப்பட்டார். இத்தகைய இழப்புகளைக் கண்டோர் தம் தரப்பின் குறைகளைப் பேசத் தயங்கியதில் வியப்பில்லை.

பேசத் துணிந்தவர் கே. பாலகோபால். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, வாரங்கல் காகதீயப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்து, 1985இல் அப்பணியைத் துறந்தவர். ஆந்திரப் பிரதேச சிவில் உரிமைக் கழகத்தின் பொதுச் செயலாளராகப் பல்லாண்டுகள் இருந்து, ‘என்கவுண்டர்’ என்னும் பெயரால் காவல்துறை செய்த கொலைகளை ஆராய்ந்து வெளிப்படுத்தினார். 1990களில் அவர் மற்றொரு வினாவையும் எழுப்பினார். காட்டிக்கொடுத்தவன் என்னும் ஐயத்தால் நக்சலைட்டுகள் ஓர் ஏழையைக் கொல்லும்போது நாம் வாளாவிருப்பது அறமா?

எதிர்வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. அரசு சட்டத்தால் கட்டுண்டது. பெரும் படைபலமும் அதனிடமே உள்ளது. இருசாராரையும் ஒருசேரக் கண்டித்தால் வலியவனுக்கே துணையாகும் என்றனர். பொறுப்பில் வேற்றுமை உண்டென்பதை நாமும் ஏற்கிறோம். ஆயினும், மகனை இழந்த தாய்க்குச் சுட்டவரின் கொள்கை ஆறுதலாகுமா? நாளை வரவிருக்கும் நல்லுலகம் இன்று வீழ்ந்த உயிருக்கு ஈடாகுமா?

1998இல் பாலகோபால் கழகத்தினின்றும் பிரிந்து, தோழர்களுடன் மனித உரிமை மன்றத்தைத் தோற்றுவித்தார். பிரிந்த பின்னும் அவர் எளியோரை விட்டு நீங்கினாரல்லர். வழக்கறிஞராகி, 2009 அக்டோபர் 8 அன்று ஐதராபாத்தில் மறையும்வரை அவர்களுக்காக உழைத்தார்.

இதில் இடதுசாரிகளைக் குறைகூறுவோர்க்கும் பாடம் உண்டு. நக்சலைட்டின் கொலையைக் கண்டித்துவிட்டுக் காவலரின் கொலையைக் காணாதிருப்போர் கையிலும் இரு துலாக்கோல்களே உள்ளன. குறைகூறும் உரிமை, தம் தரப்பின் பிழையையும் அதே கோலில் இட்டு நிறுப்பவர்க்கே உரியது.

வள்ளுவப் பெருந்தகை நடுவு நிலைமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். பகைவன், அயலான், நண்பன் எவனாயினும் நீதி ஒன்றே என்பது தமிழர்க்குப் புதிய பாடமன்று. கொள்கைப் பற்று மாணவர்க்கு வேண்டும். அப்பற்று கண்ணை மறைக்கலாகாது. தம் தோழரிடமே வினாத் தொடுக்கும் துணிவை வகுப்பறைகள் ஊட்டுமாயின், அதுவே கல்வி தரும் பெரும்பயன் என்போம்.