நட்டுவைத்த தூண்டில்

தூண்டில் போடுகிறவர்களில் இரண்டு ஜாதி உண்டு. கோலைக் கையில் பிடித்துக்கொண்டு தக்கையையே பார்த்துக்கொண்டிருப்பவன் ஒருவன். கோலைக் கரையில் குத்திவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி, விடிந்ததும் வருகிறவன் மற்றவன். என் தாய்மாமா முதல் ஜாதி. நான் பன்னிரண்டாம் வயதில், ஒரே ஓர் இரவு, இரண்டாவது ஜாதியில் சேர்ந்தேன்.

தேவாரத்தில் கார்த்திகை மழை ஓய்ந்து கண்மாய் நிரம்பியிருக்கும். மேற்கே மலையில் ஏலத்தோட்டத்துக் காய் எடுப்புக்குப் போன மாமா இறங்கி வந்தால், முதல் காரியம் தூண்டில்தான். அதில் அவருக்கு இருந்த ஆசாரத்தைக் கோயில் பூசாரியிடம்கூட நான் கண்டதில்லை. மூங்கிலின் நுனி வளைய வேண்டும், ஒடியக் கூடாது. தக்கைக்கு மயிலிறகின் காம்பு. ஈயம் குண்டுமணிக்கு மேல் போகக் கூடாது. விராலுக்கு இரை உயிருள்ள கெண்டைக் குஞ்சு. அதன் முதுகில் தோலோடு மட்டும் முள்ளைக் கோக்க வேண்டும், எலும்பில் பட்டால் செத்துவிடும். “ஈயம் கனத்தா விரால் கவ்வினதும் துப்பிடும்டா மாப்பிளே” என்பார். எல்லாம் முடிந்தபின் கோலை நட்டுவிட்டுப் போகலாமே என்றால் மட்டும் முகம் மாறும். “போட்டவன் பக்கத்திலே இருக்கணும்.” காரணம் சொல்ல மாட்டார்.

அவர் மலையில் இருந்த ஒரு நாள் மாலை மூன்று கோல்களை நட்டு, கயிற்றைக் கருவேல வேரில் கட்டிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் எழுந்திருக்க நேரமாகிவிட்டது. இரண்டு முள்கள் வெறுமை. மூன்றாவதில் ஒரு நீர்க்காகம். கெண்டையை முள்ளோடு விழுங்கியிருந்தது. சிறகுகள் தண்ணீரில் விரிந்து கிடந்தன, உயிர் இருந்தது. தொண்டையிலிருந்து முள்ளை எடுக்க எனக்குத் தெரியவில்லை. பயத்தில் நரம்பை அறுத்துவிட்டேன். அது தட்டுத் தடுமாறி எழுந்து, முள்ளோடு கிழக்கே பறந்து போயிற்று.

மாமாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“நீ அங்கே இருந்திருந்தா?”

“விரட்டியிருப்பேன், மாமா.”

அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அமெரிக்காவின் வடக்கே மினசோட்டாவில் ஏரிகள் உறைந்துவிடும் குளிர்காலத்தில், பனிக்கட்டியில் துளை போட்டு ‘வால்-ஐ’ என்ற மீனைப் பிடிக்கிறார்கள். துளையின்மேல் ஒரு பலகை. நூல் உருளை உறைந்துவிடாதபடி தண்ணீருக்குள் தொங்கும். மீன் இழுத்தால் மேலே ஒரு கொடி துள்ளி நிற்கும். அந்த மீனும் நம் விராலைப் போலவே சந்தேகப் பிராணி; சிறிது தடை தெரிந்தால் இரையை விட்டுவிடும் என்று விசையை மிக இலேசாக வைக்கிறார்கள். ஆள் தள்ளி நின்று குளிர்காயலாம். ஆனால் அங்குள்ள சட்டம், இருநூறு அடிக்குள் இருக்க வேண்டும் என்கிறது. மாமா சொன்னதைச் சட்டம் அடிக்கணக்கில் எழுதி வைத்திருக்கிறது, அவ்வளவே.

மீனுக்கு இதனால் என்ன லாபம் என்று சைவ நண்பர்கள் சிரிப்பார்கள். ஒன்றும் இல்லைதான். லாபம் நீர்க்காகத்துக்கு.

உத்தமபாளையத்துப் பாறையில் சமணர்கள் தீர்த்தங்கரர்களைச் செதுக்கி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவர்கள் கணக்கில் கொலை மூன்று வகை: தானே செய்வது, பிறரைக்கொண்டு செய்விப்பது, செய்தவனுக்கு உடன்படுவது. தூண்டிலை நட்டுவிட்டுத் தூங்குகிறவனை எந்த வகையில் வைப்பது? அவன் செய்யவும் இல்லை. யாரையும் ஏவவும் இல்லை, முள் ஓர் ஆள் அல்லவே! கடன்பத்திரம் எழுதி வாங்கியவனும் இந்த இடுக்கில்தான் நிம்மதியாக உறங்குகிறான். வட்டி தன்பாட்டில் வளர்கிறது, அவன் யாரையும் அடிக்கவில்லை.

மலையடிவாரக் காடுகளில் பன்றிக்கு என்று வேலிக் கம்பியில் கள்ள மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். விடியும்போது கிடப்பது சில சமயம் யானை, சில சமயம் அடுத்த காட்டுக்காரன். “பன்றிக்குத்தானே வைத்தேன்” என்று அழுகிறவன் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். நானும் விராலுக்குத்தானே வைத்தேன். கண் இருக்கிற இடத்தில் ‘இது அல்ல’ என்று சொல்ல ஓர் ஆள் இருக்கிறான். கம்பிக்கு அந்தச் சொல் தெரியாது.

ஆனாலும் அவன்மேல் முழுக்கக் கோபப்பட என்னால் முடியவில்லை. ஒரு ராத்திரியில் பன்றிக் கூட்டம் நிலக்கடலைக் காட்டை உழுதுவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். முன்பெல்லாம் பரண் கட்டி, கிழவர்கள் ராமுழுவதும் தகரம் தட்டிக்கொண்டு கிடப்பார்கள். மாமாவும் முதுமையில் இரண்டு வெள்ளாமைக்கு அப்படிக் கிடந்தார். இன்று பரணில் படுக்க ஆளும் இல்லை. ஆள் கிடைத்தாலும் அந்தக் கூலியை யார் கொடுப்பது என்று அந்தக் காட்டுக்காரன் கேட்டால், என்னிடம் பதில் இல்லை.