சொன்னேன் என்பது போதுமா?

ஒருவர் ஒரு செய்தியைத் தம் வாயால் மொழிந்துவிட்டார். எதிரில் இருப்பவரின் செவியிலும் அது விழுந்துவிட்டது. ஆயினும் சொன்னவர் கருதிய பொருள் ஒன்று. கேட்டவர் கொண்ட பொருள் வேறொன்று. அதனால் பெருங்கேடு விளையுமாயின், "நான் சொன்னேனே" என்று கூறிச் சொன்னவர் தம் கடமையினின்றும் விடுபட முடியுமா? "என் காதில் விழுந்ததற்கேற்பத்தானே நடந்தேன்" என்று கேட்டவர்தாம் தப்பிவிட முடியுமா? இது பொழுதுபோக்கிற்காக எழுப்பும் தர்க்கம் அன்று. 73 உயிர்கள் பலியான ஒரு நிகழ்ச்சி இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

1990ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள். கொலம்பியா நாட்டின் பொகோட்டாவிலிருந்து புறப்பட்டு மெடலின் வழியாக நியூயார்க் நகரின் கென்னடி விமான நிலையம் நோக்கி அவியாங்கா நிறுவனத்தின் 52ஆம் எண் விமானம் பறந்தது. அந்தப் போயிங் 707 விமானத்தில் 158 பேர் இருந்தனர். வானிலை சரியில்லை, இறங்குவதற்கோ விமானங்கள் வரிசையாகக் காத்திருந்தன. எனவே வழியில் மூன்று இடங்களில் வட்டமிட்டுக் காத்திருக்குமாறு அவ்விமானத்திற்குக் கட்டளை வந்தது. அவ்வாறு கழிந்த நேரம் மொத்தம் 77 நிமிடங்கள். எரிபொருள் கரைந்துகொண்டே வந்தது.

தங்களுக்கு முன்னுரிமை தேவை என்றும், இன்னும் 5 நிமிடங்களே காத்திருக்க இயலும் என்றும், மாற்று நிலையமான பாஸ்டனுக்கும் இனிப் போக முடியாது என்றும் துணை விமானி தெரிவித்தார். அடுத்த கட்டுப்பாட்டு அதிகாரியிடம் விமானம் ஒப்படைக்கப்பட்டபோது 5 நிமிடச் செய்தி மட்டுமே போய்ச் சேர்ந்தது; முன்னுரிமையும் பாஸ்டனும் இடையிலேயே நின்றுவிட்டன. முதல் முயற்சியில் காற்றின் திடீர் மாற்றத்தால் ஓடுபாதையில் இறங்க இயலாமல் விமானம் மீண்டும் மேலெழுந்தது.

அப்போது தலைமை விமானி, "நாம் ஆபத்தில் இருக்கிறோம் என்று சொல்" என ஸ்பானிய மொழியில் துணைவருக்கு ஆணையிட்டார். துணைவரோ, திசை குறித்த கட்டளையை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லிவிட்டு, அதன் வாலாக எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பதையும் சேர்த்துச் சொன்னார். 'ஆபத்து' என்ற சொல் அவர் நாவில் வரவில்லை. சொல்லிவிட்டாயா என்று தலைவர் வினவியபோது, சொல்லிவிட்டேன் என்றார். விமானத்தை 15 மைல் வடகிழக்கே கொண்டுசென்று திருப்புவதாகக் கூறிய அதிகாரி, எரிபொருளுக்கு அது சரிப்படுமா என்றும் கேட்டார். சரிப்படும் என்றே நினைப்பதாகச் சொல்லி, நன்றியும் கூறினார் துணை விமானி. சில நிமிடங்களில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. நியூயார்க்கை அடுத்த லாங் தீவின் கோவ் நெக் என்னும் ஊரில் விமானம் விழுந்தது. எரிவதற்கு எரிபொருளே இல்லாமையால் தீ மூளவில்லை. 85 பேர் உயிர் பிழைத்தனர்.

இனி நம் வினாவுக்கு வருவோம். துணை விமானி பொய் சொன்னாரா? இல்லை. எரிபொருள் தீர்கிறது என்பது உண்மை. அதைச் சொன்னதும் உண்மை. எனினும் தலைவர் ஒப்படைத்த செய்தி உரியவரைச் சென்றடையவில்லை. சொல் என்பது ஓர் அமானிதம். கடிதத்தைக் கொண்டுபோனவன் அதை வாயிற்படியில் போட்டுவிட்டு வந்தால், கொடுத்துவிட்டேன் என்று கூறலாகுமா?

அவரைத் தடுத்தது எது என நாம் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பிறமொழியில் பேசும் தயக்கமாகவும் இருக்கலாம். பிறருக்குத் தொல்லை தரலாகாது என்ற பணிவாகவும் இருக்கலாம். பணிவு நற்பண்புதான். ஆனால் பிறர் உயிர் நம் பொறுப்பில் இருக்கும்போது நம் கூச்சத்திற்காக உண்மையின் கடுமையைக் குறைத்துச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. தன் பசியைப் பொறுத்துக்கொள்பவன் பொறுமைசாலி. பிள்ளையின் பசியை மறைப்பவனை அவ்வாறு சொல்வோமா?

கேட்டவர் பக்கமும் நியாயம் உண்டு. இரவு நேரத்தில் பல விமானங்களைக் கையாளும் அதிகாரி ஒவ்வொரு சொல்லின் உள்ளத்தையும் துருவ இயலாது. எனினும் எரிபொருள் தீர்கிறது என்ற சொல் ஒருமுறைக்கு மேல் காதில் விழுந்த பிறகு, எத்தனை நிமிடத்திற்கு இருக்கிறது என்று எண்ணிக்கையைக் கேட்டிருக்கலாம். சரிப்படுமா என்ற வினா பணிவுள்ளவனிடமிருந்து சரி என்ற விடையைத்தான் பெறும். விசாரணை நடத்திய அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், எரிபொருளைக் கவனிக்கத் தவறியதையும் ஆபத்தை அறிவிக்கத் தவறியதையும் விமானிகள் மீது சுமத்தியது. அதனோடு இருசாராரும் ஒரே பொருளில் வழங்கும் வரையறுத்த சொற்கள் இல்லாமையையும் துணைக்காரணமாகக் காட்டியது.

அச்சொற்கள் பின்னர் வகுக்கப்பட்டன. 2012ஆம் ஆண்டு முதல் உலக விமானப் போக்குவரத்து விதிகளில் 'மினிமம் ஃபியூயல்', 'மேடே ஃபியூயல்' என்ற இரு அறிவிப்புகள் இடம்பெற்றன. முன்னது தாமதத்திற்கு இடமில்லை என்னும் எச்சரிக்கை. பின்னது ஆபத்து என்னும் அபயக்குரல். கட்டளையைப் பெறும் விமானி அதைத் திருப்பிச் சொல்வதும், அது சரிதானா என்று அதிகாரி செவிமடுப்பதும் முன்பே இருந்துவரும் முறை. மாணவன் பாடத்தைத் திரும்ப ஓதிக் காட்டும்வரை உஸ்தாது அடுத்த பாடத்திற்குப் போகாத நம் மதரஸா வழக்கமும் இக்கருத்தில் அமைந்ததே. ஆனால் சொற்களைத் திருப்பிச் சொன்னால் மட்டும் போதாது. அன்றிரவு கட்டளை சரியாகவே திருப்பிச் சொல்லப்பட்டது, ஆபத்துதான் சொல்லப்படவில்லை.

வானத்து விதி இல்லத்திற்கும் பொருந்தும். நெஞ்சுவலி கண்ட முதியவர், பிள்ளைகள் கலங்குவார்களே என்று "சற்று அசதி" என்கிறார். மகனும் "ஓய்வெடுங்கள் வாப்பா" என்று கூறி வெளியே போய்விடுகிறான். இருவருமே அன்புடையவர்கள், இருவருமே உண்மையைத்தான் பேசினார்கள். ஆயினும் தந்தை வலியை வலி என்றே சொல்லியிருக்க வேண்டும், மகனும் "எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து?" என்று அருகில் அமர்ந்து கேட்டிருக்க வேண்டும். கேட்டவர் விளங்கிக்கொண்டார் என்று அறியும்வரை சொன்னவரின் கடமை தீர்வதில்லை. விளங்கிக்கொண்டோமா என்று தம்மையே ஐயுற்று வினவும்வரை கேட்டவரின் கடமையும் தீர்வதில்லை.