கணக்கேடும் கர்மயோகமும்

தீபாவளித் திருநாளில் குஜராத்தின் வணிகர்கள் புதிய கணக்கேட்டை லட்சுமி தேவியின் திருமுன் வைத்து வழிபடுவர். வரவும் செலவும் எழுதும் ஏடு பூஜைக்குரியது என்ற இந்த எண்ணம் ஆழ்ந்த பொருளுடையது. புதிய தொழில் முயற்சிகள் பெருகிவரும் இக்காலத்தில் அதனை நினைவுகூர்வது நலம்.

2016-ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு 'ஸ்டார்ட்-அப் இந்தியா' திட்டத்தைத் தொடங்கியது. இன்று பிறரது முதலீட்டைப் பெற்றுத் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கும் இளைஞர் பலர். அவர்களுள் கீதையைப் பயில்வோர்க்கு ஓர் ஐயம் எழுவது இயல்பே. பலனில் பற்று வேண்டாம் என்கிறார் பகவான்; முதலீடு செய்தவரோ பலனையே எதிர்பார்க்கிறார். இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும்? இது துறவிகளுக்குரிய உபதேசம் என்று ஒதுக்கிவிடலாமா? ஒதுக்க இயலாது. கீதை உபதேசிக்கப்பட்டது வனத்தில் அன்று. வெற்றி தோல்விகள் தீர்மானிக்கப்படும் போர்க்களத்தில்.

பலனில் பற்று முற்றினால் என்ன நேரும் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 1987-இல் ஹைதராபாத்தில் தொடங்கப்பட்ட மென்பொருள் நிறுவனம் 'சத்யம்'. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ரொக்கமாகவும் வங்கி இருப்பாகவும் கணக்கில் காட்டப்பட்ட 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி உண்மையில் இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். உண்மை லாபத்துக்கும் ஏட்டில் எழுதிய லாபத்துக்கும் இடையே முதலில் இருந்தது சிறு வேறுபாடே. ஆண்டுதோறும் அது வளர்ந்தது. புலிவாலைப் பிடித்தவன் நிலை அது. விடவும் முடியாது, பிடித்திருக்கவும் முடியாது. பங்கு வாங்கியவர்களின் சேமிப்பு கரைந்தது. பல்லாயிரம் ஊழியர்கள் எதிர்காலம் அறியாது தவித்தனர்.

அந்த முதற்பொய் பசியால் பிறந்தது அன்று. கிடைத்த பலனை உள்ளபடி ஏற்க மனம் ஒப்பவில்லை. பற்று என்பது இதுவே. ஆகவே பற்றின்மை என்பது பொறுப்பின்மை ஆகாது. நஷ்டத்தை நஷ்டம் என்று சொல்லும் மனத்திண்மையே பற்றின்மை. முதலீட்டாளர் தம் பணம் திரும்பாமலும் போகலாம் என்பதற்கு உடன்பட்டே பணம் தருகிறார். ஏமாற்றப்படுவதற்கு அவர் ஒருபோதும் உடன்படவில்லை. லாபம் ஒருவர் கையில் மட்டும் இல்லை. உழைப்பும் உண்மையான கணக்குமோ முற்றிலும் அவர் கையில் உள்ளவை. அவற்றைத் தருவதே அவரது கடமை.

ஊழியர்கள்பால் உள்ள கடமையும் இத்தகையதே. மூன்று மாதச் சம்பளத்துக்கு மட்டுமே பணம் உள்ளதெனில் அதனை அவர்களிடம் கூறிவிட வேண்டும். அவர்கள் பின்னால் குடும்பம் உள்ளது, வீட்டுக்கடன் உள்ளது. உண்மை தெரிந்தால் அவர்கள் வேறு வழி தேடிக்கொள்வர். அவர்கள் விலகிச் செல்வரே என்று அஞ்சி மறைப்பது அவர்களது வாழ்வையே பணயம் வைப்பதாகும்.

பலனைக் காணாமலே செயலாற்றியவர்களும் நம் நாட்டில் உண்டு. 1893-இல் சுவாமி விவேகானந்தர் ஜப்பானிலிருந்து அமெரிக்கா சென்ற கப்பலில் ஜாம்ஷெட்ஜி டாடாவும் பயணித்தார். 1898-இல் தமது அறிவியல் ஆய்வு நிலையத் திட்டம் பற்றிச் சுவாமிஜிக்குக் கடிதம் எழுதினார். அதற்கெனத் தம் செல்வத்தின் பெரும்பகுதியை ஒதுக்கினார். 1904-இல் அவர் மறைந்தார். பெங்களூரின் இந்திய அறிவியல் நிலையம் 1909-இல்தான் நிறுவப்பட்டது. அவர் காணாத அந்த விருட்சத்தின் நிழலில் இன்றும் மாணவர்கள் பயில்கின்றனர்.

இறைவனுக்குப் புழு அரித்த மலரை எவரும் சாத்துவதில்லை. பொய் எழுதிய கணக்கேட்டையும் அவன் திருமுன் வைக்க இயலாது. ஒவ்வொரு நாளும் பணி முடிந்து எழும்போது, 'இன்று எழுதியதை இறைவன் முன் வைக்கலாமா?' என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்பவனுக்கு அலுவலகமே ஆலயம், தொழிலே யோகம்.